கேமராவுக்குக் கிரகப்பிரவேசம்

புதுச்சேரியில் விடிகாலை ஸ்கூபா படகுக்கு வருகிறவர்களைப் பார்த்தவுடனே தரம் பிரித்துவிடலாம். முதல்முறை கடலுக்குள் இறங்கப் போகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். பழகியவர் இட்லிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். எல்லாருக்கும் கடைசியாக, மேடு பள்ளம் பார்த்துக் கால் வைத்து, கறுப்புப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் வருவார். படகில் ஏறக் கை நீட்டினால் பிடிக்கமாட்டார். நமக்குக் கொடுக்க அவரிடம் கை மிச்சமிருக்காது.

“என்ன சார், கைக்கொழந்தையா?” என்றார் படகோட்டி.

“ஹவுசிங்.”

“எந்த ஏரியாவுல சார்?”

படகோட்டிமேல் தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் பட்டாவும் மாதத் தவணையும்தான் ஞாபகத்துக்கு வரும். பையோடு வந்தவர் என் நண்பர். அவர் மனைவியே ஒரு வாரம் அப்படித்தான் நினைத்திருந்தார். “ஹவுசிங்குக்குப் பணம் கட்டிட்டேன்னு போன்ல பேசிட்டிருந்தீங்களே, ஊரப்பாக்கமா, கூடுவாஞ்சேரியா?” என்று அவர் ஆசையாகக் கேட்டதும், மறுநாள் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியதும் அந்த வீட்டில் இன்றுவரை யாரும் எடுக்காத பேச்சு.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். அலுமினியப் பாளத்தைக் குடைந்து, ஒரே ஒரு மாடல் கேமரா மட்டும் கச்சிதமாக உட்காரும்படி செய்தது. கேமராவில் எத்தனை பொத்தானோ, பெட்டிக்கு வெளியே ஏறக்குறைய அத்தனை பொத்தான். ஒவ்வொன்றுக்கும் சுவரைத் துளைத்து உள்ளே போகும் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். முன்னால் கண்ணாடிக் குமிழ். அது அழகுக்கு வைத்ததல்ல. தட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். வைட் லென்ஸ் வாங்கிய காசு வீண். குமிழ் அந்த அகலத்தை மீட்டுக் கொடுக்கிறது. இரு பக்கமும் மடங்கி நீளும் கைகள், கைநுனிகளில் ஃபிளாஷ். எல்லாவற்றையும் மாட்டி நிமிர்த்தினால் சண்டைக்கு நிற்கும் நண்டு மாதிரி இருக்கும். உள்ளே குடியிருக்கும் கேமராவைவிட இந்த வீட்டின் விலை அதிகம். சென்னைவாசிக்கு அது ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது.

முந்தின இரவு விடுதியில் அவரோடு ஒரே அறையில் தங்கியது என் கர்மவினை. கதவைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார், தூசி பறக்குமாம். துண்டுகளைச் சுருட்டி வெளியே வைத்தார், நூல் உதிருமாம். பிறகு என் தலையை நிதானமாகப் பார்த்தார். அங்கே உதிர்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் இருக்கச் சொன்னார்.

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே பிள்ளைகளின் ரப்பர் வளையல்போல மெலிசாக ஒரு வளையம் இருக்கிறது. ஓ-ரிங். கடலுக்கும் கேமராவுக்கும் இடையில் உள்ள காம்பவுண்டுச் சுவர் அது ஒன்றுதான். அதன்மேல் ஒரு தலைமுடியோ ஒரு மணல் துணுக்கோ படிந்தால் போதும், வங்காள விரிகுடா உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். அதைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பள்ளி விடுமுறையில் பேத்தி தலையில் பேன் பார்க்கும் பாட்டியின் சிரத்தையோடு பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு நடுவே ஓடவிட்டார். இப்போது நாடி பார்க்கும் வைத்தியர். அரிசி மணி அளவு சிலிக்கோன் கிரீஸை எடுத்து, பச்சைப் பிள்ளைக்கு உச்சியில் எண்ணெய் வைப்பதுபோலத் தடவினார்.

“பளபளன்னு இருக்கணும், பிசுபிசுன்னு இருக்கக்கூடாது. கிரீஸ் தண்ணிய நிறுத்தாது. நிறுத்தறது அமுங்கின ரப்பர். கிரீஸ் அது சுகமா உட்காரத்தான். ஜாஸ்தியாப் போட்டா அதுவே மண்ணை இழுத்து வெச்சுக்கும்.” இதை அந்த இரவில் நான்கு தடவை கேட்டேன். நான்காவது தடவை சொல்லும்போது, விசிறி இல்லாத அறையில் அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, மூக்கு நுனிவரை வந்து, தயங்கி, விழுந்தது. கடல் நுழையவே முடியாத அந்தப் பெட்டிக்குள் முதன்முதலாகப் போன உப்புத்தண்ணீர் அதுதான். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

உள்ளே ஈரம் கட்டிக் கண்ணாடி மங்காமல் இருக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வேண்டும். அதனால் தெருவில் யார் புதுச்செருப்பு வாங்கினாலும் அவருக்குத் தகவல் போய்விடும்.

கடைசியாக ஒரு கைப்பம்பு. பெட்டியை மூடியபின் உள்ளே இருக்கும் காற்றில் கொஞ்சத்தை அது உறிஞ்சி எடுக்கும். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியும். ஆழம் போகப் போக ஆபத்து என்று நீங்களும் நானும் நினைப்போம். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் மூடியை மேலும் இறுக்கித்தான் பிடிக்கிறது. கண்டமெல்லாம் மூடியை இன்னும் எதுவும் அழுத்தாத முதல் ஓரிரு அடியில். அப்புறம் கரையில், உப்பைக் கழுவ வைத்திருக்கும் நல்லதண்ணீர்த் தொட்டியில். ஆகவே கடலுக்குக் கலங்காத நண்பர் வாளியைக் கண்டால் கலங்குவார். பம்பால் காற்றை எடுத்துவிட்டால் வெளிக்காற்றே மூடியை அழுத்திப் பிடிக்கும். பிடிமானம் அப்படியே நின்றால் உள்ளே பச்சை விளக்கு எரியும். நழுவினால் சிவப்பு.

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து பார்த்தேன். இருட்டில் மேசைமேல் ஒரு பச்சைப் புள்ளி. எதிரே சம்மணமிட்டு ஓர் உருவம்.

“பச்சைதான்” என்றது.

நல்லது என்று சொல்லித் திரும்பிப் படுத்தேன்.

காலையில் படகு கிளம்பியபிறகுதான் உண்மை தெரிந்தது. பெட்டிக்குள் கேமரா இல்லை. கேமரா அறையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. புதுப்பெட்டியை முதல் முழுக்கில் வெறுமனே கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் முறை. உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தால், ஒரு துளி கசிந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். முறை சரியானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் சென்னையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் வந்து, அறை எடுத்து, ராத்திரி முழித்து, படகுக்குக் காசு கட்டி, பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு அவர் கூட்டிப்போனது ஒரு டிஷ்யூ பேப்பரை.

“அப்ப இன்னிக்கு போட்டோ இல்லியா சார்? பேப்பரத்தான் குளிப்பாட்டப் போறீங்களா?”

“குளிப்பாட்டாமக் கொண்டாரப் போறேன்” என்றார் நண்பர்.

கேமரா இல்லாத பெட்டி உள்ளே காற்றைத்தான் வைத்திருக்கிறது, மிதக்கப் பார்க்கும். அதற்காக இரண்டு ஈயக்கட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். புதுச்சேரிக் கடல் அப்படித் தெளிந்து கிடப்பது அபூர்வம். அன்றைக்குப் பார்த்து அப்படிக் கிடந்தது. சீலா மீன்கள் ஒரு கூட்டமாக வந்து, வெயில் பட்ட எவர்சில்வர் கடைபோல மின்னி, எங்களை ஒருமுறை சுற்றிவிட்டுப் போயின. களவா ஒன்று பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து கண்ணாடிக் குமிழில் தன் முகத்தையே பார்த்து வாயைப் பிளந்தது. நண்பர் குமிழின் மறுபக்கமிருந்து டிஷ்யூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். களவாவுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண்தான். இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை.

கடலுக்குள் இருவர் இருவராகத்தான் போகவேண்டும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. என் சிலிண்டரில் எழுபது பார் காற்றுதான் மிச்சம் என்று விரலால் காட்டினேன். அவர் பெட்டியை என் முகத்துக்கு நேரே தூக்கி, பச்சை விளக்கைக் காட்டி, எல்லாம் சரி என்று விரலை வட்டமாக வளைத்தார்.

மேலே வந்ததும் மற்றவர்கள் தங்கள் சின்னக் கேமராக்களில் சீலாக் கூட்டத்தை ஓட்டிப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். நண்பர் பெட்டியைத் திறந்து டிஷ்யூவை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். “ஒரு பொட்டு ஈரம் இல்ல. தொட்டுப் பாருங்க!” படகில் இருந்த ஒவ்வொருவரும் தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. கடைசியில் அது படகோட்டியிடம் போனது. அவரும் தொட்டார். “நல்லா காஞ்சுதான் சார் இருக்குது” என்று சொல்லி, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

இந்தப் பயம் இந்தத் தொழிலின் பிறவிச் சொத்து. 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்கிற வக்கீல் ஒரு பெட்டிக்குள் கேமராவை வைத்துப் படகிலிருந்து இறக்கினார். கடலுக்கடியில் எடுத்த முதல் படம் அதுதான் என்கிறார்கள். மேலே இழுத்தால் பெட்டி முழுக்கக் கடல்நீர். ஆக, உலகின் முதல் ஹவுசிங்கே ஒழுகிய ஹவுசிங். திரும்பி வரும் வழியில் நண்பருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முகம் வெளிறிப்போனது. “ஐயையோ, கேமரா?” என்றார். மங்கலாக இருந்தாலும் படம் தப்பித்தது என்று சொல்லிப் பார்த்தேன். அதை அவர் கேட்கவே இல்லை. 1963இல் நிக்கான் கொண்டுவந்த நிக்கோனாஸ் கேமராவுக்குப் பெட்டியே தேவைப்படவில்லை, அப்படியே தண்ணீரில் இறக்கலாம் என்றும் சொன்னேன். துணையில்லாமல் ராத்திரியில் ஊர்சுற்றும் பெண்ணைப் பற்றிச் சொன்னால் அந்தக்காலப் பெரியவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கேமரா குடியேறியது. ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று திரும்பியிருந்தது, தண்ணீர் கலங்கல். மூன்று மீட்டருக்கு அப்பால் நானே இல்லை. ஆழத்தில் சூரிய வெளிச்சத்தின் சிவப்பு முதலில் செத்துவிடும், ஃபிளாஷ் அடித்தால்தான் நிறம் உயிர்த்து வரும். அடித்தார். கலங்கல் நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஃபிளாஷுக்கு முகம் காட்டியது. நூற்று நாற்பது படம். நூற்று முப்பத்தொன்பதில் கொடைக்கானல் போலப் பனி. மீதி ஒன்றில் என் இடதுகால் துடுப்பு, மிகக் கூர்மையாக.

நண்பருக்கு வருத்தமா என்றால் கிடையாது. பெட்டி எலும்புபோல உலர்ந்திருந்தது.

கரை தெரியும் நேரத்தில் படகோட்டி மடியிலிருந்து தன் போனை எடுத்தார். பாலித்தீன் பையில் போட்டு, வாயை இரண்டு சுற்றுச் சுருட்டி, ரப்பர்பேண்டு மாட்டியிருந்தார். பெட்டியோடு நண்பரை நிற்கவைத்து, பையைக்கூடப் பிரிக்காமல் ஒரு படம் எடுத்தார். அந்தப் பயணத்திலேயே உருப்படியான படம் அதுதான். நண்பர் போனை வாங்கவில்லை, பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை வருஷமா இதுல வெச்சிருக்கீங்க?”

“ஆறு வருசம் ஆச்சு சார். பை கிழிஞ்சா மாத்திக்குவேன்.”

“கிரீஸ் ஏதாவது…?”

“இட்லிப்பொடி எண்ண படும் சார், அப்பப்ப.”

மூன்று மாதம் கழித்துப் போன் செய்தார். அதே கம்பெனி புது மாடல் கேமரா விட்டிருக்கிறதாம். வாங்கிவிட்டாராம். ஒரு பொத்தான் மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, பழைய பெட்டிக்குள் உட்காராது. துக்கம் விசாரிக்கும் குரலில் நான் ஆரம்பிப்பதற்குள், கல்யாண வீட்டுக் குரலில் அவர் சொன்னார்: “புது ஹவுசிங் நேத்து வந்துடுச்சு. சனிக்கிழமை பாண்டிச்சேரி வந்துடுங்க. கேமரா எடுத்துட்டு வரமாட்டேன், முதல் முழுக்கு பாருங்க.”

பின்னால் அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

“இந்த வீடாவது கிழக்குப் பார்த்த வாசலான்னு கேளுங்கண்ணா!”