ரெண்டு கிலோ வாங்கினா நாலு கிலோ

வா தம்பி. பெங்களூர்ல உங்க ஆபீஸ் அறிவையெல்லாம் ஒரே எடத்துல குமிக்கச் சொல்லிட்டாங்களாமே? மாசத்துக்கு இத்தனை குறிப்புன்னு டார்கெட்டாம். எழுது, நல்லா எழுது. படிக்கிறதுக்குத்தான் இனிமே ஆளு எடுக்கணும்.

இந்தக் கூத்து ஒண்ணும் புதுசில்லை. இன்போசிஸ் 2001-லயே ஆடிப் பாத்துட்டுது. ‘கே ஷாப்’னு ஒரு தளம். எழுதிப் போட்டா பாயிண்ட்டு, அதைச் சரிபாத்தாலும் பாயிண்ட்டு. சேத்து வச்சுப் பரிசா மாத்திக்கலாம். பரிசுன்னா நம்ம புள்ளைங்க சும்மா இருக்குமா? வந்து குமிஞ்சுது. சரிபாக்குறவனுக்கு மூச்சு முட்டுச்சு. தேடுறவனுக்கு நெல்லு எது, பதரு எதுன்னு புரியலை. கெட்டிக்காரங்க, சீக்கிரமே முழிச்சுக்கிட்டாங்க. எடுத்துப் பயன்படுத்துனவனுக்கு என்ன ஒதவுச்சுன்னு பாத்து மார்க்கு போட ஆரம்பிச்சாங்க. உங்க மேனேஜரு இந்த ரெண்டாம் பாகத்தைப் படிக்கலை போலருக்கு.

அதுக்கு அவ்வளவு தூரம் போவானேன்? திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் 2006-ல நெல் திருவிழா ஆரம்பிச்சாரு. பாரம்பரிய வெதை ரெண்டு கிலோ, காசில்லாம. அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பித் தரணும், அவ்வளவுதான் சட்டம். இதுல இருக்குற குசும்பைப் பாரு: வாங்கிட்டுப் போயி பத்தாயத்துல பூட்டுனவன் நாலு கிலோவுக்கு எங்க போவான்? வெதச்சே ஆவணும். வெதச்சவன் நெல்லோட மட்டுமா வருவான்? குழியடிச்சான் ரகம் உப்பு மண்ணுல தாங்குது, காட்டுயானம் வெள்ளத்துல நின்னு புடிக்குதுன்னு சேதியும் சேந்து வரும். 2018-ல அவரு கண்ணை மூடுறப்ப 174 ரகம் மீண்டிருந்துது.

நீங்க என்னடான்னா, பத்து வருஷமா ஒரு மாட்யூலைக் கட்டி மேச்சவன் பேப்பர் போட்டப்புறம்தான் ‘கே.டி. எடு, கே.டி. எடு’ன்னு அவன் தலைக்குள்ள இருக்குறதைக் கறக்க ஓடுறீங்க. அவன் மனசு அடுத்த கம்பெனி கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டு இருக்கு!

மேனேஜர்கிட்ட சொல்லிப் பாரேன். குறிப்பை எடுத்தவன் வேலையை முடிச்சுட்டு, எங்க ஒதவுச்சு, எங்க காலை வாரிச்சுன்னு ரெண்டு வரி சேத்துத் திருப்பி வைக்கட்டும். வருஷம் முழுக்க ஒருத்தனும் தொடாததைத் தூத்தி விட்டுடுங்க. உன் சொந்த யோசனைன்னே சொல்லிக்க, எனக்குப் பேரு வேணாம். பரிசுக் கூப்பன் வந்தா மட்டும் மறக்காம இங்க அனுப்பி வை.