ஜீரோ கேட்டில் ரூம் சர்வீஸ்

நெதர்லாந்தில் ஹார்லிங்கன் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே கப்பலிலிருந்து மரம் இறக்கிக்கொண்டிருந்த கிரேன் ஒன்றுக்கு வயதாகிவிட்டது. நம் ஊராக இருந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பார்கள். அவர்கள் அதன் உச்சியில் படுக்கையறை அமைத்து ஹோட்டலாக்கிவிட்டார்கள். இரண்டு பேர் தங்கலாம். ஓர் இரவுக்கு வாடகை முன்னூறு யூரோவைத் தாண்டும். காலைப் பலகாரம் லிஃப்டில் ஏறி வரும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிடியைத் திருகினால் அறையோடு சேர்ந்து கிரேன் சுழலும். எந்தப் பக்கத்துக் கடல் வேண்டுமோ அந்தப் பக்கம் ஜன்னலைத் திருப்பிக்கொள்ளலாம்.

இதை எனக்கு அனுப்பியவன் ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மச்சினன். உலகத்தில் எங்கெங்கே கோணல்மாணலான ஹோட்டல் இருக்கிறதென்று தேடிப்பிடித்து, "மாமா, இதப் பாருங்க" என்று வாட்ஸாப்பில் தள்ளுவது அவன் பொழுதுபோக்கு. அந்தந்தத் துறையில் அனுபவமுள்ளவர்களிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டி அபிப்பிராயம் கேட்பது என் பொழுதுபோக்கு. திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்கு நிபுணர்களுக்கா பஞ்சம்?

கிரேனுக்கு ராயபுரம் சித்தப்பா. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நைட் அலவன்ஸ் எவ்ளோ தர்றான்?" என்றார்.

"அவன் தரல சித்தப்பா. தூங்கறவங்கதான் அவனுக்குத் தரணும்."

"கிரேன்ல தூங்கறதுக்கா? ஒரு தபா கண்ணசந்ததுக்கு எனக்கு மெமோ குட்த்தாங்கடா!"

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. மே மாதம் பகல் இரண்டு மணிக்கு இரும்பு ஏணியை வெறுங்கையால் பிடிக்க முடியாது, கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். சாப்பாட்டு கேரியர் கயிற்றில் கட்டி மேலே வரும். கடல் காற்றில் ஆடி ஆடி வந்து சேர்வதற்குள் ரசமும் மோரும் சம்பந்தம் பேசி முடித்திருக்கும். நிலக்கரிக் கப்பல் வந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் சித்திக்கே அடையாளம் தெரியாது. நீதிமன்ற உத்தரவால் 2011இல் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனபோது ராயபுரத்துக் கொடிக்கயிறுகளில் வெள்ளை வேட்டி திரும்ப ஏறியது.

ஆம்ஸ்டர்டாமில் பழைய கப்பல் கட்டும் தளத்தில் இன்னொரு கிரேன் இருக்கிறது, மூன்று சொகுசு அறைகள், சுமார் ஐம்பது மீட்டர் உயரத்தில் வெந்நீர்த் தொட்டி என்று அடுத்த படத்தைக் காட்டினேன். சித்தப்பா யோசித்தார். "தண்ணி எப்பிடி ஏத்துனான்?" என்றார். குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்றவர்களுக்கு மட்டுமே எழும் கேள்வி. ஹோட்டல்காரர்கள் அதற்கு எங்கும் விளக்கம் தந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் மச்சினன் அனுப்பியவற்றில் என்னை உலுக்கியது சுவிட்சர்லாந்து சமாச்சாரம். ரிக்லின் என்ற இரட்டைச் சகோதரர்கள், இருவரும் கலைஞர்கள். நட்சத்திரமே இல்லாத ஹோட்டல் என்று ஒன்றை நடத்தினார்கள். சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. 2016இல் மலைச்சரிவில் ஒரு கட்டிலைப் போட்டார்கள். அதையாவது ஒப்புக்கொள்ளலாம், மலைக்காற்று இருக்கிறது. 2022இல் சையோன் என்ற ஊரில் பெட்ரோல் பங்க் ஓரமாக, வண்டிகள் இரைந்துகொண்டு போகும் சாலையை ஒட்டி ஒரு இரட்டைக் கட்டில். இரண்டு பக்கமும் மேசை விளக்கு. வெள்ளைக் கையுறை போட்ட பட்லர். வாடகை 325 பிராங்க். தூங்குவது நோக்கமே அல்லவாம். தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு உலகம் போகிற போக்கை யோசிக்க வேண்டுமாம்.

இந்தத் துறையில் உலகிலேயே பெரிய ஸ்தாபனம் எங்கள் எண்ணூர் விரைவுச் சாலை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் காசிமேட்டில் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டியும் வரிசை கட்டி நின்ற இரவுகளை இந்தப் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வண்டிக்கு அடியில் பழைய புடவையைத் தூளியாகக் கட்டி ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார். கேபினுக்குள் ஒருவர் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருப்பார். டீசல் டேங்க் ஓரமாக ஸ்டவ் எரியும். ரசத்துக்குத் தாளிக்கிற வாசனை, எங்கிருந்து வருகிறதென்றே சொல்ல முடியாத ஏதோ ஒரு வாயுவின் வாசனையோடு மல்லுக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு சைக்கிளில் டீ கேனும் பன் மூட்டையுமாக ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். ரூம் சர்வீஸ்.

சுவிஸ் கட்டிலுக்கு இல்லாத ஒரு வசதியும் இங்கே உண்டு. அவ்வப்போது முன்னாலிருந்து ஒரு குரல் வரும், "வண்டி நவுருது!" தூளி அவிழும், ஸ்டவ் அணையும், பாதி வெந்த சோற்றோடு ஹோட்டலே நாற்பது அடி முன்னால் போய் நிற்கும். மறுபடி தூளி கட்டப்படும்.

நாமக்கல்காரர் ஒருவரிடம் சுவிஸ் படத்தைக் காட்டினேன்.

"பட்லர்னா யாருங்ண்ணா?"

"பக்கத்துலயே நின்னுக்கிட்டு, கூப்பிட்டதும் வந்து என்ன வேணும்னு கேக்கற ஆளு."

"நாங்க கூப்பிடாமயே வந்து கேப்பாங்களே, டார்ச் லைட்டோட. அவங்களா?"

உலகம் போகிற போக்கை யோசிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றதும் அவர் தலையாட்டினார். "நாங்களும் அதத்தானுங்ண்ணா யோசிக்கறோம். டீசல் வெல, டயர் வெல, வண்டி ட்யூ."

ஆஸ்திரியாவில் ஒட்டன்ஸ்ஹைம் என்ற ஊரில் கழிவுநீர்க் கான்கிரீட் குழாய்களுக்குள் மெத்தை போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். வாடகையை நீங்களே தீர்மானித்துக் கொடுக்கலாம். இதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. மணலிச் சாலையில் புதைப்பதற்காகக் கொண்டுவந்து இறக்கி, புதைக்க மறந்த குழாய்களுக்குள் யார் யார் குடியிருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டு வர வேண்டியதில்லை.

ஐஸ் ஹோட்டல் கொஞ்சம் சுவாரசியம். ஸ்வீடனில் யுக்கஸ்யார்வி என்ற ஊரில் 1989 முதல் குளிர்காலந்தோறும் டோர்னே ஆற்றின் பனிக்கட்டியை வெட்டி எடுத்து ஹோட்டல் கட்டுகிறார்கள். பனிக்கட்டிக் கட்டில், மேலே கலைமான் தோல். உள்ளே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி. காலையில் சூடாகப் பழரசம் கொண்டுவந்து எழுப்புவார்கள். காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் கூட்டாளி இதை மிகுந்த கவனத்தோடு கேட்டார். பத்துப் பதினைந்து நாள் கடலில் இருந்துவிட்டு வருபவர். படகின் அடியறையில் ஐஸையும் மீனையும் அடுக்கடுக்காக நிரப்புவதில் அவர் கை தனிக்கை.

"உள்ள எத்தினி நாள் வெச்சிருப்பாங்கோ?"

"ஒரு ராத்திரிதான். ரெண்டு ராத்திரி யாரும் தாங்க மாட்டாங்க."

"அப்பன்னா பரவால்ல. நாள் ஆச்சின்னா செவுள் வெளுத்துரும்."

ஏப்ரல் வாக்கில் அந்த ஹோட்டல் உருகி ஆற்றோடு போய்விடும் என்றேன். அதை அவர் உடனே புரிந்துகொண்டார். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அவருக்கும் கடை மூடல்தான்.

அமெரிக்காவில் கீ லார்கோவில் தண்ணீருக்கடியில், இருபத்தோரு அடி ஆழத்தில் ஒரு விடுதி. முக்குளித்துத்தான் அறைக்குப் போக வேண்டும். தண்ணீர் புகாத பெட்டியில் பீட்சா வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இந்த அனுபவம் இலவசமாகக் கிடைத்தது. உணவுப் பொட்டலமும் படகில் வந்தது. கூடவே கச்சா எண்ணெயும் வந்து சுவரில் இடுப்பளவுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனது. ஆயில் மசாஜுக்குத் தனிக் கட்டணம் வாங்குகிற விடுதிகள் இதைக் கவனிக்கலாம்.

இதே எண்ணூர்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் வெள்ளைக்காரர்களின் உல்லாச ஊர் என்றால் மச்சினன் நம்ப மறுக்கிறான். கோட்டையில் கணக்குப் பார்த்துக் களைத்தவர்கள் இங்கே வந்து பங்களாவில் தங்கி, கழிமுக ஏரியில் பாய்மரப் படகு விட்டார்கள். இப்போது அதே கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையச் சாம்பல். ஃபின்லாந்தில் கண்ணாடிக் குடிலுக்குள் மல்லாந்து படுத்து வடதுருவ ஒளியைப் பார்க்கக் கொட்டிக் கொடுக்கிறார்களாம். திருவொற்றியூர் மொட்டைமாடிக்கு வரட்டும். மணலி ஆலைகளின் தீச்சுடர் எரிகிற ராத்திரியில் வானமெல்லாம் ஆரஞ்சு. வடசென்னை ஒளிக்கு சீசன் கிடையாது.

அசல் விருந்தோம்பல் வேண்டுமென்றால் ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் இருக்கிறது. ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். ஸ்டான்லி மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததுதான். பழைய ஆட்கள் இன்னமும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். காலைப் பலகாரம் இலவசம் என்று இன்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு அதுதான் முன்னோடி.

ஆனாலும் உலகத்திலேயே கறாரான தங்கும் விதி எங்கள் திருவொற்றியூருடையது. சுந்தரர் இங்கே வந்தார், பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்தார், கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. சுந்தரர் சாமர்த்தியசாலி. 'நான் சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்' என்று சிவனிடமே பேசி வைத்தார். சிவன் அதற்கும் சரியென்றார், சங்கிலியாரின் கனவில் போய் 'மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேள்' என்றும் சொல்லிவிட்டார். ரிசப்ஷனிலேயே ஆள் கவிழ்ந்தார். பிறகு வசந்தம் வந்தது, திருவாரூர் ஞாபகமும் வந்தது, கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. வழியில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. பாக்கி இரண்டு தவணையாகத் திரும்பியது: காஞ்சிபுரத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண்.

அந்த மகிழ மரத்தடியில் மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. மச்சினன் லீவில் வருகிறபோதெல்லாம் கோயிலுக்கு அழைத்துப் போவேன். மரத்தை நெருங்கும்போது மட்டும், இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாக அக்காவிடம் வாய்தவறிச் சொல்லிவிடாதே என்று எச்சரித்துவிடுவேன். அவனுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது, எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான்.