பாலினப் பங்கிற்கு எந்த அலமாரி?

கேள்வி: பாலினப் பங்குகளின் உளவியலை ஆராயும் மார்த்தாண்டம் மாணவி நூலகத்தில் எங்கே தொடங்கலாம்?

பதில்: ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று சமூகம் வகுத்த நடத்தையே பாலினப் பங்கு. டூயி பகுப்பின்படி அடுக்கிய நூலகத்தில், அது மனத்தில் படிவதைப் பேசும் நூல்கள் 155.3 எண்ணிலும், சமூகத்தில் நிலைப்பதைப் பேசுபவை 305.3 எண்ணிலும் இருப்பதால், ஒரே அலமாரியோடு திரும்புபவர் பாதி ஆய்வோடுதான் திரும்புகிறார். உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட அளவுகோல் ஆண்மையையும் பெண்மையையும் தனித்தனியே அளந்தது. ஆயினும் அமெரிக்காவில் உருவான அதனை குமரி மாவட்டத்து நாஞ்சில் மண்ணில் அப்படியே இறக்குவது பொருந்தாது. ஏனெனில், தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கள்வழி இங்கு வேரூன்றியிருந்தது. அதனால் விளைந்த துயரை ஒரு காரணவரின் (குடும்பத் தலைவரின்) ஐந்தாம் மனைவி வாயிலாகச் சொல்லும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’, எந்த வினாப்பட்டியலும் எட்டாத மனத்தைக் காட்டும் அரிய சான்று. 1956 வரை இவ்வட்டாரம் முதலில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தமையால், பழைய அரசு ஆவணங்களைத் தேடத் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறிவிடுவதே உத்தமம்.