கலங்கல் ஓரத்து வழிகாட்டி

அமெரிக்க மேற்குக் கரை ஆறுகளில் வசந்த காலத்து ஸ்டீல்ஹெட் மீனுக்காக, வழிகாட்டிக்கு டாலர்களைக் கொட்டி, இடுப்பளவு குளிர்நீரில் நின்று, இறகால் கட்டிய போலி ஈயை வீசுவார்கள். காட்டுமீன் சிக்கினால் திரும்ப விட வேண்டும். பல ஆறுகளில் அதுதான் சட்டம்.

உத்திரமேரூர் ஏரிக் கலங்கலில் மண்புழுவோடு உட்காருங்கள், வழிகாட்டி தானே வருவார். "தக்கையை இன்னும் மேலே ஏத்து தம்பி, கெளுத்தி அடியிலதான் மேயும்." கட்டணம் ஒரு பீடி. சிக்கிய விராலை விட்டுவிடலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் மூளையைச் சந்தேகிப்பார்.

921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுத்த ஊர் இது. கணக்குக் காட்டாதவருக்கு அதில் இடமில்லை. இன்றைக்கு ஏரி மீன் என்றால் குத்தகைதான். குத்தகைக்காரரின் ஆள் தென்பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். வழிகாட்டியைத் தேடாதீர்கள், அவர் முன்பே கிளம்பியிருப்பார்.