தொகை திரும்பாமையும் தோன்றா எழுவாயும்

மலைப்பிரதேசத்தில் இரண்டு நாள் தங்குவதற்குக் கைபேசி வழியே வீடு பிடித்து, பணத்தையும் முழுதாகக் கட்டிவிட்டு, வீடும் இன்றிப் பணமும் இன்றி நிற்பது மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்கு வெறும் லௌகிக விவகாரமாகத் தோன்றக்கூடுமாயினும், அது உண்மையில் இலக்கண சாஸ்திரத்தைச் சேர்ந்த விஷயமே என்பதுதான், சோகத்தை நாசம் செய்வதாகப் பெயர் வாங்கிய சோகநாசினி ஆறு ஓடும் பாலக்காட்டுச் சித்தூரில் அமர்ந்து மூன்று வாரம் நான் நடத்திய ஆராய்ச்சியின் முடிபு.

பூர்வ காலத்து நிலைமை வேறு. மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரால் நிற்கும் சத்திரம் போன்றவற்றில் பாய் கிழிசலாகவோ ரசம் நீராகவோ இருந்துவிட்டால், திண்ணையில் ஒரு மணியக்காரர் உட்கார்ந்திருப்பார். அவரை நேரில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். 1995இல் விஆர்பிஓ, 2008இல் ஏர்பிஎன்பி என்று அமெரிக்காவில் கிளைத்த, இணையவழி வீடு பிடிக்கும் புதிய சம்பிரதாயத்திலோ, வீடு ஒருவருடையது, பணம் இடையில் இருப்பவர் கையில்; விருந்தாளி வந்திறங்கி ஏறத்தாழ ஒரு நாள் கழிந்த பின்னரே அது வீட்டுக்காரருக்கு விடப்படுவது வழக்கம். விருந்தாளியின் நன்மைக்கான ஏற்பாடு என்கிறார்கள், இருக்கலாம். திண்ணைதான் இல்லை.

நான் அகப்பட்டுக்கொண்டது இவ்விரண்டும் அல்லாத வேறொரு சேவையிடம். பொள்ளாச்சி, உடுமலை கடந்து சின்னாறு வனத்தில் சிக்னல் அறுந்து, மறையூரில் அது மீண்டும் உயிர்பெற்ற கணத்தில், முன்பதிவு ரத்து என்ற செய்தி வந்து விழுந்தது. வீட்டுக்காரரை அழைத்தேன். “பைப்பு உடைஞ்சு போச்சு சார், நேத்தே கேன்சல் பண்ணிட்டேன். காசு எங்கிட்ட வரவே இல்ல, அவங்ககிட்டதான் இருக்கு” என்றார். பின் இருக்கையில் சர்க்கரை போடாத தர்மாஸ் காபியை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி, “அவங்கன்னா யாரு?” என்று கேட்டாள். இத்துறையின் ஆதி சூத்திரம் அதுவே.

ஏனெனில், பணம் வாங்கும்வரை அச்சேவையின் பாஷை கலப்பற்ற தன்மைப் பன்மையிலும் ஏவல் வினையிலும் அமைந்திருந்தது: “வரவேற்கிறோம்”, “இப்போதே செலுத்துங்கள்”. திருப்பிக் கேட்ட மாத்திரத்தில் அது செயப்பாட்டு வினைக்குத் தாவிற்று: “தங்கள் கோரிக்கை பெறப்பட்டது”, “பரிசீலிக்கப்படுகிறது”, “தொகை விடுவிக்கப்பட்டுள்ளது”. யாரால் பெறப்பட்டது, எவரால் விடுவிக்கப்பட்டது என்பதற்குரிய மூன்றாம் வேற்றுமை ஓரிடத்திலும் காணோம். “5 முதல் 7 வேலை நாட்களில்” என்பதோ முக்காலத்துள் எதிலும் அடங்காத நான்காவது காலம். வங்கியைக் கேட்டால் அவர்கள் அனுப்பவில்லை என்றும், அவர்களைக் கேட்டால் வங்கி வரவு வைக்கவில்லை என்றும் விடை வருகிறது.

எங்கள் ஊர்க் கொங்கன்படை உற்சவத்தில், போருக்கு வரும் கொங்கனின் ஓலையைச் சபையில் வாசிக்கும் சடங்கு உண்டு. சண்டைக்கு வருகிறவனுக்கே ஒரு பெயர் இருந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க.

இந்த இலக்கணப் பிழையை நீக்கச் சட்டமும் முயன்றிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரின் பெயரும் பதவியும் வெளிப்படையாகக் காட்டப்படவேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். ஆகவே இவ்விதிகளை எழுவாய் மீட்புச் சட்டம் என்றே நான் வழங்குவேன். அதற்கும் மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எத்தேசத்தில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணமும் கிடையாது. எனக்குப் பாலக்காடு பஸ் செலவு மட்டுமே.

தேடிப் பிடித்த அந்த அதிகாரிக்கு, பெயர் சொல்லி விளித்து, விளிவேற்றுமை வழுவாமல் ஒரு கடிதம் எழுதினேன். 47ஆம் மணி நேரத்தில் பதில் வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மனைவிக்கு உரக்க வாசித்தேன்: “தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.”

“யாரால?” என்றாள்.