சேறு மிதிக்கக் காசு கட்டிய பேராண்டிக்கு

வாரும் பேராண்டி, வாரும். மண்வீடு கட்டணும்னு சேறு மிதிக்கப் படிச்சுட்டு வந்திருக்கீராம்ல? அதுக்குக் காசும் கட்டினீராம். எங்க காலத்துல மிதிச்சவனுக்குத்தான் கூலி. சரி, படிப்புன்னா செலவு இருக்கத்தான் செய்யும். உக்காரும்.

போன்ல காட்டினீரே, இங்கிலாந்து டெவன்ல வால்டர் ராலே பிறந்த வீடு, 16-ஆம் நூற்றாண்டு மண்சுவர் இன்னும் நிக்குதுன்னு. நல்லா நிக்கட்டும். படத்தை உத்துப் பாத்தீரா? அடியில கல்லு, மேல தடிப்பா வேய்ஞ்ச கூரை. சுவர்ல தண்ணி ஏறவும் விடல, இறங்கவும் விடல. நீரு என்னடான்னா மொட்டைமாடி கேக்கீரு.

உம்ம காட்டுல கிடக்கது கரிசல். மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். சித்திரையில வந்து பாரும், போனு விழுந்தா எடுக்க முடியாத வெடிப்பு. அதுல சுவர் வச்சா சன்னலுக்குத் தனியாச் செலவு பண்ண வேண்டாம். செம்மண்ணு தேடும். அதுலயும் மேல்மண்ணு பயிருக்கு. வேரோடாத கீழ்மண்ணுதான் சுவருக்கு. கண்ணாடிப் பாட்டில்ல அரைவாசி மண்ணு, மிச்சம் தண்ணி ஊத்திக் குலுக்கி வையும். மணல் உடனே உக்காந்துரும், வண்டல் பின்னால வரும், களி மறுநாள் வரைக்கும் கலங்கலா நின்னு கடைசியாத்தான் இறங்கும். அஞ்சுல ஒரு பங்கு களி இருந்தாப் போதும். கூடினா வெடிக்கும், குறைஞ்சா உதிரும்.

ராத்திரியே ஊறப்போட்டு, காலையில வைக்கோலைத் தூவித் தூவி மிதியும். மிதிக்கதுன்னா செல்பிக்கு ரெண்டு குதி குதிக்கதில்ல. ஒரு உருண்டை பிடிச்சு இடுப்பு உயரத்துல இருந்து போட்டா, சிதறவும் கூடாது, தட்டையாப் பரவவும் கூடாது.

சுவர் ஒன்றரை அடி தடிமன் இருக்கட்டும். ஒரு படைக்கு முழங்கால் உயரத்துக்கு மேல ஏத்தப்படாது. அது இறுகினாத்தான் அடுத்த படை. அவசரப்பட்டா உம்ம ஆபீசு ஆளுக மாதிரி சுவருக்குத் தொந்தி விழுந்துரும். தை பிறந்து ஆரம்பிச்சா ஐப்பசிக்குள்ள கூரை ஏறிரணும். வாசலுக்கு மட்டும் இல்ல, நாலு பக்கமும் இறவாணத்தை ரெண்டு மூணு அடி நீட்டி விடும்.

அழகா இருக்குமேன்னு மேல சிமென்ட் மட்டும் பூசிராதேயும். உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம மண்ணு உள்ளுக்குள்ளயே இத்துப்போகும். பூச்சு மட்டும் ஜோராத் தெரியும். மண்ணும் சாணியும் வைக்கோலும் கலந்து பூசி, சுண்ணாம்பு அடியும். அது கரையும், திரும்பப் பூசணும். மாலி நாட்டு ஜென்னே ஊர்ல 1907-ல கட்டின மண் பள்ளிவாசல் இருக்கு. வருஷாவருஷம் ஊரே கூடிப் பூசுது. உம்ம அடுக்குமாடியில தண்ணித்தொட்டி கழுவவே ஒருத்தரும் வரமாட்டேங்காகன்னு நீருதான சொன்னீரு? நீரு பெங்களூர்ல, வீடு இங்க. பொங்கலுக்குப் பொங்கல் யாரு மெழுகுவா? உம்ம வீட்டுக்காரி மெழுகும்னு கனவு காணாதேயும். அந்தப் பிள்ளைக்கு உம்மவிடச் சம்பளம் கூட.

காரை வீட்டுல இருந்துக்கிட்டுக் கிழவன் பேசுதான்னு நினைக்கீரு, தெரியுது. பகல்ல நான் எங்க கிடக்கேன்னு அந்த வேப்பமரத்தைக் கேளும்.

இப்போதைக்கு வீடு வேண்டாம். செம்மண்ணு கொண்டாந்து, அதே மாதிரி படை படையா ஒரு கோழிக்கூடு கட்டும். அடைமழை தாண்டி அது நின்னு, கோழியும் குறை சொல்லாட்டா, கடைக்கால் தோண்ட நானே மம்பட்டி எடுத்துட்டு வாரேன். கூலி மட்டும் முன்கூட்டியே.