கலாபகோஸ் தீவுகளில் கருப்பொருள் யார்?

அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோர், காதலர் இருவரை நடுவில் நிறுத்தி, உலகத்தை அவர்களைச் சுற்றி அடுக்கிவைத்த முறை யாவரும் அறிந்ததே. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து விலங்கும் புள்ளும் மரமும் பறையும் கருப்பொருள்; தலைவனும் தலைவியும் கூடுவதும் பிரிவதும் ஊடுவதும் உரிப்பொருள். களிறு தன் பிடிக்காக ஒரு கிளையை முறித்துக் கொடுத்தால் அது யானைகளின் சொந்த விவகாரமன்று, பொருள் தேடிப் போன தலைவனுக்கு உறைக்கும்படி செய்யப்பட்ட காரியம். நண்டு தன் வளைக்குள் ஓடி ஒளிந்தாலும் அது தலைவியின் நெஞ்சைக் குறித்தே ஒளிந்தது என்று உரையாசிரியர்கள் சாதித்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டுக்கு விலங்குகளின் சம்மதம் கேட்கப்பட்டதாக எந்த நூலிலும் பிரமாணம் கிடையாது. நெடுங்காலமாக ஆட்சேபமின்றி வழங்கிவந்த இம்முறை, ஈக்குவடார் நாட்டுக் கரையிலிருந்து ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் சமுத்திரத்தில் பூமத்திய ரேகையின்மீது கிடக்கும் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் தலைகீழாகிவிடுகிறது என்பதும், அங்கே உல்லாச யாத்திரை செல்லும் தம்பதிகள் கருப்பொருளாகிவிட, விலங்குகளே உரிப்பொருளை எடுத்துக்கொள்கின்றன என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும்.

அகத்திணையில் இன்னார் என்று பெயர் சுட்டிக் கூறுதல் மரபன்று. ஆகையால் இங்கும் தலைவன், தலைவி என்றே வழங்குவோம். அவர்கள் எந்நாட்டவராயினும் ஆராய்ச்சிக்கு ஊறில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவன் தலைவன். அந்த லென்ஸின் விலையை ஒரு வார்த்தையும் பேசாமல் நினைவில் வைத்திருப்பவள் தலைவி. தேசியப் பூங்காவின் பெரும்பாலான காட்சித் தலங்களில் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியின்றி ஒருவரும் காலடி வைத்தல் கூடாது என்பது விதியாதலின், இவ்விருவருக்குமிடையே மூன்றாமவர் ஒருவர் எப்பொழுதும் இருப்பார். உற்றவிடத்து உடனிருத்தல், வரம்பு மீறினால் கடிதல், நேரமாயிற்று என்று நினைவூட்டிப் பிரித்தல் ஆகிய மூன்று தொழில்களும் அவரிடம் காணப்படுதலால், அவர் மீசை வைத்திருந்தபோதிலும் அவரைத் தோழி என்று கொள்ளுதலே முறை. அதே படகில் வந்திறங்கி, தம்பதிகளின் தர்க்கங்களைக் கேளாதார்போலக் கேட்டுக்கொண்டு வரும் ஏனைய பிரயாணிகள் கண்டோர் ஆவர்.

இனி, இத்தீவுகளின் மூல சூத்திரத்துக்கு வருவோம். எந்தப் பிராணிக்கும் இரண்டு மீட்டர் தூரத்துக்குள் மனிதர் நெருங்கலாகாது என்பதே அது. 1959ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1978இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற தலங்களுள் ஒன்றாகிய இத்தீவுகளின் மாண்பு முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கியிருப்பதாகத் தோழிமார் கூறுவர். சூத்திரத்தின் சுருக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் அதில் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது. மனிதன் விலங்கை நெருங்கலாகாது என்று சொல்லிற்றேயன்றி, விலங்கு மனிதனை நெருங்கினால் செய்யவேண்டியது யாது என்பதைப்பற்றி அது அழுத்தமாக ஒன்றும் சொல்லவில்லை. விலங்குகளோ இந்த மௌனத்தின் பயனை முழுமையாக அறிந்தவைபோல நடந்துகொள்கின்றன. ஒற்றையடிப்பாதையின் குறுக்கே கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்று கால்போட்டு வெயில் காய்கின்றன. பாதையை விட்டு விலகி நடப்பதும் குற்றம், அவற்றைத் தாண்டி நடப்பதும் குற்றம் என்ற தர்மசங்கடத்தில் தலைவனும் தலைவியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவ்வோந்திகள் தாம் தின்ற கடற்பாசியோடு உட்புகுந்த உப்பை மூக்கின் வழியே வெடுக்கென்று சீறித் தள்ளுகின்றன. அதைத் தங்களுக்குரிய மறுமொழி என்று தம்பதிகள் நினைப்பது இயல்பு. ஆயினும் அது மூக்கருகே உள்ள உப்புச் சுரப்பியின் தொழில் மாத்திரமே. கருப்பொருளை நோக்கி யாரும் பேசுவதில்லை.

இவ்விலங்குகளின் அச்சமின்மைக்குப் பழைய சாட்சிகள் உண்டு. 1535ஆம் ஆண்டில், பெருவுக்குப் புறப்பட்ட கப்பல் காற்றின்றி ஒழுகிப்போய் இத்தீவுகளில் ஒதுங்கவே, அதில் இருந்த பனாமா நாட்டு ஆயர் தோமாஸ் தெ பெர்லாங்கா, இங்குள்ள பறவைகள் பறந்தோடத் தெரியாத பேதைகள் என்றும் கையாலேயே பிடிபட்டன என்றும் ஸ்பானிய மன்னருக்கு எழுதினார். ஆயர் பிரம்மசரிய விரதம் பூண்டவர். தம்பதிகள் விஷயத்தில் அவர் சாட்சியம் செல்லாது. சரியாக முந்நூறு ஆண்டுகள் கழித்து 1835 செப்டம்பரில் பீகிள் கப்பலில் வந்து ஐந்து வாரம் தங்கிய சார்லஸ் டார்வின் செய்தவற்றை, இரண்டு மீட்டர் சூத்திரத்தின் ஒளியில் வாசிப்பவருக்கு உடல் நடுங்கும். ஒரு பருந்தைத் துப்பாக்கி முனையால் கிளையிலிருந்து தள்ளினார். ஒரு கடல் இகுவானாவைத் திரும்பத் திரும்ப நீரில் எறிந்து, அது ஒவ்வொரு முறையும் தம்மிடமே நீந்தி வருவதைக் குறித்துக்கொண்டார். வளை தோண்டிக்கொண்டிருந்த நில இகுவானா ஒன்றன் வாலைப் பிடித்து இழுக்க, அது வெளியே வந்து இழுத்த காரணத்தை விசாரிக்கும் பாவனையில் அவர் முகத்தைப் பார்த்தது. பேராமைகளின் முதுகிலும் ஏறிப் பார்த்தார். இன்றைக்கு ஒருவன் இவற்றுள் ஒன்றைச் செய்தாலும் அன்றைய மாலைக்குள் அவனைத் தீவை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நம் வாதத்துக்கு வேண்டிய செய்தி வேறு. அப்பொழுது டார்வினுக்கு வயது 26, மணமாகவில்லை. உடன் ஒருத்தி இருந்து, "போதும், அதன் வாலை விடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளாயின், இயற்கை விஞ்ஞானம் எத்தனை குறிப்புகளை இழந்திருக்கும் என்பதை அனுமானிப்பது கடினமன்று. ஊர் திரும்பியபின் 1838இல் அவர் விவாகம் செய்வதா வேண்டாமா என்று ஒரு தாளில் இரு பக்கமும் நியாயங்களை எழுதிப் பார்த்ததும், மனைவி என்பவள் எப்படியும் நாயைவிட மேலான துணை என்னும் கருத்துப்பட அதில் ஒரு வரி வரைந்ததும், மறு ஆண்டே எம்மா அம்மையாரை மணந்ததும், அதன்பின் பிரிட்டனை விட்டு ஒருபோதும் வெளியே செல்லாததும் சரித்திரம். ஆக, கலாபகோஸ் தம்பதிகளைப்பற்றி முதனூல் இல்லை.

விலங்குகள் ஏன் அஞ்சுவதில்லை என்ற வினாவை இங்கே விரிவாக ஆராய வேண்டுவதில்லை. எரிமலைக் குழம்பால் கடல் நடுவே எழுந்த இத்தீவுகளுக்குப் பெரிய ஊனுண்ணிப் பாலூட்டிகள் வந்து சேரவில்லை. ஓடுவதற்குக் காரணம் நேராத இடத்தில் ஓடும் வழக்கமும் வளரவில்லை. இந்த நல்லியல்புக்கு அவை கொடுத்த விலையைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையன்று. உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிர் தரிக்கும் பேராமைகளைத் திமிங்கில வேட்டைக்காரர்கள் உயிரோடு மல்லாத்திக் கப்பலடியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அவ்வாறு போனவை பதினாயிரக்கணக்கில். இரண்டு மீட்டர் என்னும் சிறிய அளவு இந்த நீண்ட கணக்கின் முடிவில் வந்தது. தலைவியின் தோளருகே ஒரு பறவை வந்து அமர்ந்து அவளை ஏறிட்டு நோக்கும்போது அவளுக்கு ஏற்படும் பெருமிதத்தில் இதையும் கொஞ்சம் கலந்துகொள்வது நல்லது.

ஆராய்ச்சியில் மிகவும் சுவையான பகுதி பெஞ்சு விவகாரம். சான் கிரிஸ்தோபல் தீவின் துறைமுகத்தில், நடந்து களைத்த பிரயாணிகள் அமர்ந்து கடலைப் பார்ப்பதற்கென்று பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் கடற்சிங்கங்கள் நீட்டிப் படுத்து உறங்குகின்றன. எழுப்பலாகாது, தொடலாகாது, சூத்திரப்படி பக்கத்திலும் அமரலாகாது. எனவே வெகுதூரம் விமானத்திலும் படகிலும் வந்த தம்பதிகள், தங்கள் இனத்தார் தங்கள் இனத்தாருக்காகச் செய்த ஆசனத்தில் வேறோர் இனம் குறட்டைவிட, இரண்டு மீட்டர் விலகி நின்றுகொண்டிருக்கிறார்கள். சாந்தா குரூஸ் தீவின் மீன் கடையிலும் இதே நிலைதான்: மீனை அறுப்பவருக்கும் வாங்க வந்தவருக்கும் இடையில் ஒரு கடற்சிங்கம் உரிமையோடு நுழைந்து, கூழைக்கடாக்களோடு போட்டியிட்டுத் தன் பங்குக்குக் காத்திருக்கும். கரையில் இவ்வளவு அலட்சியமாயிருக்கும் இப்பிராணி, தம்பதிகள் கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் அணிந்து நீருக்குள் இறங்கியவுடன் முற்றிலும் வேறு குணம் கொள்கிறது. இளங்கடற்சிங்கங்கள் அம்புபோல் வந்து, மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, தலைகீழாகப் புரண்டு மறைகின்றன. அந்தக் கணத்தில் இரண்டு மீட்டர் விதியை மீறியது யார் என்ற வழக்கைத் தோழி எடுத்துக்கொள்வதில்லை.

வடக்கு சேமூர் தீவில் நீலப்பாதப் பூபிப் பறவைகளின் களவொழுக்கத்தைக் காணும்போதுதான் நம் சித்தாந்தம் ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுகிறது. ஆண் பறவை தன் நீலப் பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக, பெண் நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல் உயர்த்தி உயர்த்தி வைக்கும். இறக்கைகளை விரித்து அலகை வானத்துக்கு நீட்டி ஊதும். பின்பு ஒரு குச்சியையோ கூழாங்கல்லையோ கொணர்ந்து பெண்ணின் முன் சமர்ப்பிக்கும். இப்பறவைகள் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில் முட்டையிடுகின்றன; ஆகவே குச்சியால் யாதொரு பயனும் இல்லை. உபயோகமற்ற பரிசைத் தேடிக் கொணர்வது மனித இனத்துக்கு மட்டும் உரிய பண்பன்று என்பது இதனால் பெறப்படும். பாதத்தின் நீலம் உண்ணும் மீனிலிருந்து கிடைக்கும் வண்ணப்பொருளைப் பொறுத்தது; இரை குறைந்தால் ஓரிரு நாளில் மங்கிவிடும். எனவே பாதத்தைப் பார்த்தே பெண் பறவை, எதிரில் நிற்பவன் சம்பாதிக்கிறவனா அல்லனா என்று தீர்மானித்துக்கொள்ளும்.

இந்த நாடகம் நடக்கும்போது மனிதத் தலைவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணை லென்ஸுக்குப் பின் ஒளித்துவைத்து, ஒளியின் அளவைப்பற்றி முணுமுணுத்துக்கொண்டிருப்பான். தலைவி இரண்டு கண்களாலும் பார்ப்பாள். "பார்த்தீர்களா, குச்சி கொடுத்தது!" என்று அவள் சொல்லும்போது அவன், "எங்கே? எப்போது?" என்பான். ஏனெனில் அக்கணத்தில் அவன் பறவையின் பாதத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டிருந்தான். இதினின்று தோன்றும் ஊடல் மாலையில் படகு திரும்பும்வரை நீடிக்கும். நம் பழைய செய்யுட்களில் பறவைகளின் கூடலைக் கண்டு தலைமக்களின் ஊடல் தணியும். இங்கே பறவைகளின் கூடலால்தான் ஊடலே விளைகிறது. பறவைகளோ அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கருப்பொருளின் நிலை இதைவிடத் தெளிவாக விளங்கவேண்டுமா?

தம்பதி தர்மத்துக்கு இத்தீவுகளில் ஓர் உறுதியான இலட்சியத்தைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவர். எஸ்பஞோலா தீவில் அல்பட்ராஸ் பறவைகள் பல மாதம் கடலில் தனித்தனியே திரிந்தபின் மீண்டும் வந்து, பழைய துணையையே கண்டு, அலகோடு அலகு தட்டி ஆடுகின்றன. இதைத் தோழி உருக்கமாக விவரிக்கும்போது தம்பதிகள் கை கோத்துக்கொள்வார்கள். ஆனால் மேற்கேயுள்ள பெர்னாந்தினா தீவின் பறக்கவியலா நீர்க்காகத்தில், குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் பெண் அதை ஆணிடமே விட்டுவிட்டு வேறொரு துணையைத் தேடிப் போய்விடும். கலாபகோஸ் பருந்திலோ ஒரு பெண்ணுக்கு ஆண்கள் பலர். எல்லாரும் சேர்ந்து குஞ்சை வளர்ப்பர். இவற்றைச் சொல்லும்போது தோழி அடிவானத்தை நோக்கிப் பேசுவது வழக்கம். ஆமைகளிலும் அப்படியே. பிந்தா தீவின் இனத்தில் எஞ்சிய ஒரே ஆண், ஜார்ஜ் என்னும் பெயருடையது, வேறு தீவுகளின் பெண் ஆமைகளோடு பல்லாண்டு வாழ்ந்தும் குஞ்சின்றி 2012 ஜூன் 24ஆம் தேதி இறந்தது. எஸ்பஞோலாவின் இனத்துக்குரிய தியேகோ என்னும் ஆணோ, சான் தியேகோ விலங்குக்காட்சிசாலையிலிருந்து திருப்பியழைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்குத் தந்தையாகி, 2020இல் தன் தீவுக்கே அனுப்பப்பட்டது. உலகப் பத்திரிகைகள் தியேகோவைக் கொண்டாடின. ஆனால் அவ்வினத்தை மீட்டதில் அதைவிட அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தை, யாரும் பேர் வைக்காத இன்னோர் ஆமை என்று மரபணுச் சோதனை தெரிவிக்கிறது. இல்லறத்தில் புகழ் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் நான் அறியேன்.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழலாம். பணம் செலுத்துவோர் மனிதர். 2024 ஆகஸ்ட் மாதம் முதல் வயது வந்த வெளிநாட்டார் பெரும்பாலோர் நுழைவுக் கட்டணமாகச் செலுத்துவது 200 டாலர், அதற்கு முன்போ 100. இவ்வாறிருக்க, செலவு செய்கிறவர் எங்ஙனம் கருப்பொருளாவார் என்பர். இவ்வாதம் செல்லாது. நாடகக் கொட்டகைக்குள் பணம் கொடுத்து நுழைந்தவன் நாடகத்தின் தலைவன் ஆவதில்லை. கட்டணம் இரட்டித்தபின் விலங்குகளின் நடத்தையில் பாதியளவு மரியாதைகூட அதிகரித்ததாகத் தெரியவில்லை என்பதும் கருதத்தக்கது.

எஞ்சியிருப்பது தூது. புளோரியானா தீவின் கடற்கரையில் பழங்காலத் திமிங்கில வேட்டைக்காரர் ஏற்படுத்திய தபால் பீப்பாய் ஒன்று இன்றும் வழக்கிலுள்ளது. வருவோர் அஞ்சலட்டையில் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டாமல் அதில் இட்டுவிட்டு, உள்ளே கிடப்பவற்றுள் தம் ஊர்ப் பக்கத்து விலாசம் உள்ளதை எடுத்துப் போய்த் தம் கையாலேயே சேர்ப்பிக்கவேண்டும். அன்னத்தையும் மேகத்தையும் தூதுவிட்ட மரபில் வந்த நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் தலைவனும் தலைவியும், ஊடல் தீர்ந்த மகிழ்ச்சியில், தங்கள் வீட்டு விலாசத்தையே எழுதி ஓர் அட்டையை இடுவதுண்டு. பல மாதம் கழித்து முன்பின் அறியாத ஒரு நல்ல மனிதர் அந்த அட்டையோடு அவர்கள் வாசலில் வந்து நிற்பார். அவரை உள்ளே அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, காபி கொடுத்து, தலைவன் எடுத்த படங்கள் அத்தனையையும், பூபியின் பாதத்தை மட்டும் பெரிதாக்கிய வரிசை உட்பட, ஒன்றுவிடாமல் காட்டுவார்கள். தலைவி ஒவ்வொரு படத்திலும் அது தவறவிட்டதைச் சொல்லி நிரப்புவாள். தூது வந்தவரை இரண்டு மீட்டருக்குள் நெருங்கலாகாது என்று எந்தப் பூங்காவும் விதி செய்யவில்லையாதலின், பீப்பாயில் சில அட்டைகள் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படாமல் கிடப்பதன் காரணம் இதுவாயிருக்கலாம்.